விரலை வை, பார்க்கலாம்!

சீமைக்குப் போக எழுதும் இங்கிலீஷ் பரீட்சையில் வாசிப்புத் தாளைத் தாண்டுவது எப்படி? காரைக்காலில் ஒரு தாத்தா காட்டிய வழி

அந்தப் பெண் கெட்டிக்காரி. நர்ஸ் படிப்பில் நல்ல மார்க்கு வாங்கியவள். இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகல் வேலை இரண்டும் பார்த்துப் பழகியவள். டாக்டர் கிறுக்கிக் கொடுக்கும் மருந்துச் சீட்டை ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அப்படிப்பட்டவளை ஒரு வாசிப்புப் பரீட்சை இரண்டு தடவை காலை வாரிவிட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்?

காரைக்காலில், எங்கள் உறவினர் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தபோது, அவள் திண்ணையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் களையே இல்லை.

"கேட்கிறதுல ஏழரை வாங்கிட்டேன் மாமா. பேச்சுல ஏழு. எழுத்துலகூட வேண்டிய ஆறரை வந்திடுச்சு. வாசிக்கிறதுலதான் ஆறரையிலேயே நிக்குது. ஏழு இருந்தாத்தான் சீமையில நர்ஸா பதிவு செய்வாங்களாம்" என்றாள்.

அரை மார்க்கு! ஆனால் அந்த அரை மார்க்கின் விலை அற்பமல்ல. ஒவ்வொரு தடவையும் பரீட்சைக் கட்டணம் மட்டும் 17,000 ரூபாய்க்கு மேல். டியூஷன் செலவு தனி. இரண்டு தடவை கட்டிய பணத்தில் அவளுடைய தாயாரின் வளையல் ஒன்று போய்விட்டது. மூன்றாவது தடவைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கையில் இன்னொரு வளையல் இருக்கிறது. அதையும் கழற்ற வேண்டுமா என்பதுதான் வீட்டில் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி.

அறுபது நிமிஷம், நாற்பது கேள்வி

அது என்ன பரீட்சை என்று சில வாசகர்கள் கேட்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். என்று நாலைந்து எழுத்துக்களில் சொல்கிறார்கள். 1989-ல் இந்தப் பெயரோடு தொடங்கியது. அமெரிக்கக் கல்லூரிகளில் சேரப் போகிறவர்கள் எழுதும் டோஃபல் பரீட்சை இன்னும் மூத்தது. அது 1964-ல் வந்தது. இவை தவிர, டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்கென்றே ஓ.இ.டி. என்று ஒரு தனிப் பரீட்சை உண்டு.

நம் பெண் எழுதியது ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையின் கல்வித்துறைத் தாள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. வாசிப்புக்கு ஒரு மணி நேரம். மூன்று நீண்ட கட்டுரைகள் கொடுப்பார்கள். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். அவற்றின் மேல் 40 கேள்விகள். தேனீ வளர்ப்பு, பழைய காலத்துக் கண்ணாடித் தொழில், குழந்தைகளின் தூக்கம் என்று கட்டுரைகள் எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கும். அந்தத் துறையில் நீங்கள் பண்டிதராக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. விடை முழுவதும் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

நாற்பதில் சுமார் 30 சரியாக இருந்தால் ஏழு கிடைக்கும். 23 சரியாக இருந்தால் ஆறு. ஆகவே ஆறரையில் நிற்கிறவள் இரண்டு, மூன்று கேள்விகளில்தான் கோட்டை விடுகிறாள். எந்த இரண்டு மூன்று? அதைக் கண்டுபிடித்துவிட்டால் வளையல் தப்பித்தது.

கண்டுபிடித்தவர் அவளுடைய தாத்தா.

பிரெஞ்சுப் பள்ளியின் பழைய மாணவர்

தாத்தாவுக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். இடையில் சில காலம் ஆங்கிலேயரிடம் போய் வந்தாலும், 1954 வரை அது பிரெஞ்சுக் கொடியின் கீழேயே இருந்தது. சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா. நடுவில் ஒரு துண்டு பிரான்ஸ்! அரசலாற்றங்கரைப் பையன்கள் தமிழோடு பிரெஞ்சும் படித்தார்கள். தாத்தா அப்படிப் படித்தவர். 'செர்த்திபிக்கா' என்ற ஆரம்பப் பரீட்சையை 1953-ல் தேறியவர். இங்கிலீஷ் அவருக்குப் பிற்காலத்தில், சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு வந்த பிறகு, கோப்புகளைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

அன்று அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

பேத்தி ஒரு பயிற்சிக் கட்டுரையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் இது: 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கும் முன் டாக்டர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தாய்மார்கள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பல டாக்டர்கள் அவர் கருத்தை ஏற்கவில்லை.

கீழே ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள். "காய்ச்சலுக்குக் காரணம் கிருமிகளே என்று ஸெம்மல்வைஸ் நிரூபித்தார்." இது சரியா, தவறா, அல்லது கட்டுரையில் சொல்லப்படவே இல்லையா? மூன்றில் ஒன்றை எழுத வேண்டும்.

அவள் யோசிக்கவே இல்லை. 'சரி' என்று எழுதினாள். நர்ஸ் அல்லவா? கிருமி என்றால் என்ன, கை கழுவுவது எதற்கு என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "எங்கே இருக்கு?"

"என்ன தாத்தா?"

"கிருமின்னு சொன்னியே, அது கட்டுரையில எங்கே இருக்கு? விரலை வை, பார்க்கலாம்."

அவள் விரலை எடுத்துக்கொண்டு போனாள். முதல் பாராவில் தேடினாள். இரண்டாவதில் தேடினாள். கடைசி வரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். விரல் நிற்க இடமில்லை. கை கழுவியது இருக்கிறது, சாவு குறைந்தது இருக்கிறது, கிருமி என்ற பேச்சே இல்லை! கிருமிக் கொள்கை நிலைபெற்றது அதற்குப் பிந்திய காலத்தில். அவள் கல்லூரியில் படித்ததை ஸெம்மல்வைஸ் தலையில் ஏற்றிவிட்டாள்.

"எங்க முசியே கிளாஸ்ல இப்படித்தான் கேட்பார்" என்றார் தாத்தா. "யாராவது பதில் சொன்னா, 'விரலை வை' என்பார். வைக்கத் தெரியலைன்னா உட்கார வேண்டியதுதான். உனக்கு விஷயம் தெரியாததனால தப்பு வரல்லை பாப்பா. தெரிஞ்சதனால வருது!"

அவளுடைய பழைய பயிற்சித் தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். தாத்தா சொன்னது வாஸ்தவம். தவறிய கேள்விகளில் பாதி, மருத்துவம், உடல்நலம், உணவு இவற்றைப் பற்றியவை. பழங்காலக் கண்ணாடித் தொழிலைப் பற்றிய கட்டுரையில் அவள் ஒரு தவறும் செய்யவில்லை. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது!

நீங்களே எழுதிப் பாருங்கள்

இந்த இடத்தில் வாசகர்களுக்கும் ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம் என்று தோன்றுகிறது. தமிழிலேயே வைக்கிறேன். வாசிப்பது என்ற கலை எந்தப் பாஷையிலும் ஒன்றுதானே? கீழே உள்ள சிறு கட்டுரையைப் படியுங்கள்.

"1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் தேதி நிருவாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நிறைவேறியது."

இப்போது மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றும் சரியா, தவறா, சொல்லப்படவில்லையா?

ஒன்று: கீழூரில் கூடியவர்களில் பெரும்பாலோர் இணைப்பை ஆதரித்தனர்.

இரண்டு: 1954-லேயே சட்டப்படியான மாற்றமும் முடிந்துவிட்டது.

மூன்று: கீழூரில் வாக்களித்தவர்களில் காரைக்கால் பிரதிநிதிகளும் இருந்தனர்.

முதலாவது சரி, 178-ல் 170 என்றால் பெரும்பாலோர்தான். இரண்டாவது தவறு; 1962 என்ற ஆண்டின் மேல் விரல் தானாகப் போய் நிற்கிறது. மூன்றாவதுதான் கண்ணி. காரைக்கால்காரர்கள் யாரைக் கேட்டாலும் 'சரி' என்று அடித்துச் சொல்வார்கள். சரித்திரப்படி அது உண்மையும்கூட. ஆனால் மேலே உள்ள நான்கு வாக்கியங்களில் காரைக்கால் என்ற பெயரே இல்லை. ஆகவே விடை, 'சொல்லப்படவில்லை.'

தெருக்கோடியில் உள்ள ஓர் ஆசிரிய நண்பரிடம் இந்தக் கேள்வியைப் போட்டேன். அவர் மூன்றாவதற்கு 'சரி' என்றார். விடையைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நடந்ததை நடக்கவில்லை என்கிறதா?" என்று சண்டைக்கு வந்தார். நடக்கவில்லை என்று யார் சொன்னது? சொல்லவில்லை என்றுதானே சொல்கிறோம்! கோர்ட்டில் சாட்சி, "நான் அவனை அங்கே பார்க்கவில்லை" என்பதும், "அவன் அங்கே இல்லவே இல்லை" என்பதும் ஒன்றாகுமா? 'தவறு' என்று எழுத வேண்டுமானால், கட்டுரை அந்த வாக்கியத்தை மறுத்துப் பேசும் வரியில் உங்கள் விரல் இருக்க வேண்டும். 'சரி' என்று எழுத, அதையே வேறு சொற்களில் சொல்லும் வரியில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடமில்லாமல் விரல் அலைந்தால் மூன்றாவது விடை.

அலைவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். நல்ல வேளையாக, இந்த வகைக் கேள்விகள் கட்டுரை போகும் வரிசையிலேயே வருகின்றன. நாலாவது கேள்வியின் வரி கிடைத்துவிட்டது, ஆறாவதும் கிடைத்துவிட்டது என்றால், ஐந்தாவதற்கு உரியது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். நடுவில் இல்லையென்றால் கட்டுரையிலேயே இல்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் தேட வேண்டாம்.

'எல்லாம்', 'சில', 'மட்டும்', 'எப்போதும்' என்று பொருள்படும் குட்டிச் சொற்களிலும் ஜாக்கிரதை வேண்டும். 'சில ஆஸ்பத்திரிகளில்' என்று கட்டுரை சொல்லியிருக்கும். கேள்வியில் 'எல்லா ஆஸ்பத்திரிகளிலும்' என்று மாற்றியிருப்பார்கள். அவசரத்தில் ஆஸ்பத்திரி மட்டும் கண்ணில் படும். குட்டிச் சொல் நழுவிவிடும்.

தண்ணீரும் ஜலமும்

இரண்டாவது விஷயம் சொல் மாற்றம். கட்டுரையில் உள்ள சொல்லையே கேள்வியிலும் போட்டுவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அதனால் பரீட்சைக்காரர்கள் சொல்லை மாற்றிப் போடுவார்கள். கட்டுரையில் 'கமென்ஸ்' என்று இருக்கும்; கேள்வியில் 'பிகின்' என்று இருக்கும். இரண்டும் தொடங்குவதுதான்.

நமக்கு இது புதிதல்ல. வீட்டில் தண்ணீர், கோயிலில் தீர்த்தம், சில வீடுகளில் ஜலம். இங்கிலீஷிலும் இப்படி இரண்டு அடுக்கு உண்டு. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த பிரபுக்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்கள் பேசியது பிரெஞ்சு. குடியானவன் வாயில் பழைய சொல், பிரபு வாயில் பிரெஞ்சுச் சொல் என்று நூற்றுக்கணக்கான வருஷம் ஓடியதில், ஒரே பொருளுக்கு இங்கிலீஷில் இரண்டு சொல் நிலைத்துவிட்டது. 'ஹெல்ப்' என்பது பழைய சொல். 'எய்ட்' பிரெஞ்சு வழி வந்தது. அதே மாதிரி 'இயர்லி' ஒருபக்கம், 'ஆன்யுவல்' மறுபக்கம். 'ஃப்ரீடம்' ஒருபக்கம், 'லிபர்ட்டி' மறுபக்கம். படித்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் பிரெஞ்சு வழிச் சொற்கள் அதிகம்.

இங்கேதான் காரைக்கால் தாத்தா ராஜா! பேத்தி அகராதியைப் புரட்டும் சொற்களை அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறார். "கொமான்ஸே, எய்டே, லிபெர்த்தே... எல்லாம் எங்க சொத்தைத்தான் வாங்கி வச்சிருக்கான்" என்று ஒரு சிரிப்பு வேறு.

ஆனால் சொத்தில் வில்லங்கமும் உண்டு. பிரெஞ்சில் 'லெக்த்யூர்' என்றால் வாசிப்பது. இங்கிலீஷில் 'லெக்சர்' என்றால் பிரசங்கம்! பிரெஞ்சில் 'லிப்ரெரி' புத்தகக் கடை. இங்கிலீஷில் 'லைப்ரரி' நூல்நிலையம். பிரெஞ்சில் 'அக்த்யுயெல்மான்' என்றால் தற்போது. இங்கிலீஷில் 'ஆக்சுவலி' என்றால் உண்மையில். புதுவையிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு படித்துவிட்டு இந்தப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பிரெஞ்சு தெரியாதவர்கள் என்ன செய்வது? ஆயிரம் கடினச் சொற்களை அகர வரிசையில் நெட்டுருப் போட வேண்டாம். அது பரீட்சை அறையின் வாசலிலேயே மறந்துபோகும். ஒவ்வொரு பயிற்சித் தாளையும் முடித்த பிறகு, கேள்வியில் உள்ள சொல்லையும் கட்டுரையில் அதற்கு இணையாக வந்த சொல்லையும் ஜோடி ஜோடியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் பெண் ஒரு மாதத்தில் இப்படி ஒரு நோட்டை நிரப்பிவிட்டாள்.

தலைப்புப் போடுவது எங்கள் தொழில்

ஒவ்வொரு பாராவுக்கும் பொருத்தமான தலைப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துப் போடு என்பது இன்னொரு வகைக் கேள்வி. பலரும் இதைக் கண்டு மிரளுகிறார்கள். பத்திரிகையில் தலைப்புப் போட்டே நாளைக் கழிக்கும் எனக்கு, இதில் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனி மாதத்தில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. காரைக்கால் அம்மையாரின் கதையை நினைத்து மக்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். இதைப் பற்றி ஒரு பாரா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் அம்மையார் வருகிறார். அடுத்த ஏழு வரியும், வெளியூரிலிருந்து வரும் மாம்பழ லாரி, விழா நாளில் ஏறும் விலை, கூடை முடைகிறவர்களுக்குக் கிடைக்கும் வேலை என்று போகிறது. பட்டியலில் 'அம்மையாரின் வரலாறு' என்று ஒரு தலைப்பும், 'ஒரு விழாவினால் பிழைக்கும் தொழில்கள்' என்று ஒரு தலைப்பும் இருக்கின்றன. அம்மையார் பெயரைப் பார்த்ததும் முதலாவதைப் போட்டவர் தோற்றார். இரண்டாவது தலைப்பில் மாம்பழமும் இல்லை, அம்மையாரும் இல்லை. ஆனால் பாரா முழுவதும் அதற்குள் அடங்குகிறது.

பாராவில் உள்ள ஒரு சொல் தலைப்பிலும் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். சந்தேகப்படுங்கள். பாராவைப் படித்துவிட்டுப் பட்டியலைப் பார்க்காமல், நீங்களே தமிழில் மூன்று சொல்லில் ஒரு தலைப்பு மனத்துக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலைப் பாருங்கள். பாதி வேலை முடிந்திருக்கும்.

பத்து மாம்பழம்

கோடிட்ட இடத்தை நிரப்புவதில் விடை தெரிந்தும் மார்க்கை விடுகிறவர்கள் ஏராளம். 'இரண்டு சொற்களுக்கு மேல் போகக் கூடாது' என்று மேலே எழுதியிருப்பார்கள். மூன்று சொல் எழுதினால், விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் பூஜ்யம்தான். எழுத்துப் பிழை இருந்தாலும் அதே கதி. கட்டுரையில் உள்ள சொல்லைப் பார்த்து எழுதுவதற்கு என்ன கஷ்டம் என்று கேட்கலாம். பார்த்து எழுதுவதில்தான் பிழை வருகிறது!

தமிழர்களுக்கென்றே ஒரு பிழை இருக்கிறது. நாம் 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்கிறோம். 'பத்து மாம்பழங்கள்' என்று கடைத்தெருவில் யாரும் சொல்வதில்லை. பத்து என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? ஆனால் இங்கிலீஷ்காரனுக்கு அந்த 'எஸ்' இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டும், மார்க்கும் போய்விடும். நம் பெண்ணின் பழைய தாள்களில் இந்த 'எஸ்' மட்டும் மூன்று இடத்தில் காணாமல் போயிருந்தது. எழுதிய சொல்லைக் கோடிட்ட இடத்தில் வைத்து, முழு வாக்கியத்தையும் ஒரு தடவை மனத்துக்குள் படித்துப் பார்த்தால் நொண்டுவது காதில் விழும்.

இன்னொரு சிறு சங்கதி. தவறான விடைக்கு மார்க்குக் குறைப்பது இந்தப் பரீட்சையில் கிடையாது. ஆகவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

நேரம் போதுமா?

"நேரம் போதவில்லை" என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். அதற்கு மருந்தாகப் பல டியூஷன்களில், "கட்டுரையைப் படிக்கவே படிக்காதே, கேள்வியைப் பார், சொல்லைத் தேடு, விடையை எழுது" என்று சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. (டியூஷன் நடத்தும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கட்டுரையும் அதிகபட்சம் 2,750 சொற்கள். நிமிஷத்துக்கு 150 சொற்கள் வாசிக்கிறவர், எல்லாவற்றையும் முழுக்க ஒரு தடவை படிக்கப் பதினெட்டு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மீதி நாற்பத்தொரு நிமிஷம் இருக்கிறது. கேள்விக்கு ஒரு நிமிஷம்! கட்டுரையை ஒரு தடவை படித்தவருக்கு எந்த விஷயம் எங்கே இருக்கிறது என்ற ஞாபகம் இருக்கும். விரல் நேராக அங்கே போகும். படிக்காதவர் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியிலிருந்து துழாவ வேண்டும். எது லாபம்?

நிமிஷத்துக்கு நூறு சொல்தான் ஓடுகிறது என்றால் கணக்கு மாறிவிடும். இருபத்தேழரை நிமிஷம் படிப்புக்கே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் பரீட்சை யுக்திகளைத் தேடி அலைவதைவிட, இரண்டு மாதம் தினமும் அரை மணி இங்கிலீஷ் பத்திரிகையின் நடுப்பக்கத்தைக் கடிகாரம் வைத்துக்கொண்டு படிப்பது மேல். சுருக்கு வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மூன்றாவது கட்டுரை பொதுவாகக் கடினமாக இருக்கும். அதனால் முதலாவதைப் பதினைந்து நிமிஷத்தில் முடித்து, இரண்டாவதற்கு இருபது, மூன்றாவதற்கு இருபத்தைந்து என்று ஒதுக்குவது உசிதம். ஒரு கேள்வி மல்லுக்கு நின்றால் ஒரு குறி போட்டுவிட்டு நகருங்கள். கடினமான கேள்விக்கும் சுலபமான கேள்விக்கும் ஒரே மார்க்குத்தான். கேட்டல் பகுதியைக் காகிதத்தில் எழுதுகிறவர்களுக்கு விடைகளைப் பெயர்த்து எழுதக் கடைசியில் பத்து நிமிஷம் தருவார்கள். வாசிப்பில் அந்தச் சலுகை கிடையாது. அறுபதாவது நிமிஷத்தில் கதவு சாத்தப்படும். இதை மறந்துவிட்டு, கேள்வித்தாளிலேயே விடை எழுதி வைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஓ.இ.டி. எழுதும் நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முதல் பகுதியில், ஒரே நோயைப் பற்றிய நான்கு சிறு குறிப்புகளைக் கொடுத்து, பதினைந்தே நிமிஷத்தில் 20 கேள்வி கேட்பார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் 'தேடு, எழுது' என்ற முறை பொருந்தும். வார்டில் நோயாளியின் அட்டையைப் பார்க்கும் பார்வை போதும். ஆனால் அங்கேயும், உங்களுக்குத் தெரிந்த மருந்தளவை எழுதிவிடக் கூடாது. தாளில் உள்ள அளவைத்தான் எழுத வேண்டும்.

தாத்தாவின் மார்க்கு

நான் ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. "நீங்களும் ஒரு கட்டுரை எழுதிப் பாருங்களேன் தாத்தா" என்று பேத்தி ஒரு பயிற்சித் தாளை நீட்டினாள். தேனீக்களைப் பற்றிய கட்டுரை. பதின்மூன்று கேள்வி. அவளும் அதையே எழுதினாள். சமையலறை மணிப்பொறியை இருபது நிமிஷத்துக்கு முடுக்கி வைத்துவிட்டு, அவளுடைய தாயாரே கண்காணிப்பாளராக வாசற்படியில் உட்கார்ந்தார். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே போனார். பாவம், நேரம் முடிந்தபோது கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே இல்லை.

திருத்திப் பார்த்தோம். தொட்ட பதினொன்றில் தாத்தாவுக்குப் பத்து சரி. தவறிய ஒன்றும் பிரெஞ்சு செய்த சதி. தேனீயின் 'ஜர்னி' என்று இங்கிலீஷில் இருந்ததை, 'ழூர்னே' என்று நினைத்து, பயணத்தை ஒரு முழு நாளாக்கிவிட்டார்.

பேத்திக்குப் பன்னிரண்டு. விட்ட ஒன்று எது என்று அவளே புரட்டிப் பார்த்தாள். 'பீ' என்று எழுதியிருந்தாள். 'பீஸ்' என்று இருக்க வேண்டும்.

"அந்த எஸ்ஸுதான் தாத்தா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"பரீட்சை எத்தனாம் தேதி?" என்று கேட்டார் தாத்தா.

"இன்னும் இருபத்து நாலு நாள் இருக்கு."

"அப்ப அடுத்த தாளை எடு. நானும் எழுதுறேன்" என்று சொல்லி, கண்ணாடியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.